பல் வேரில் தொற்றா? கோலாலம்பூரில் கண்டுபிடிக்கும் வழி, செலவு, காத்திருப்பு

கோலாலம்பூருக்கு வேலைக்கோ படிக்கவோ புதிதாக வந்திருக்கிறீர்கள். பல் ஒன்று வலிக்கிறது, அல்லது ஈறில் சின்னப் பரு ஒன்று வருவதும் போவதுமாக இருக்கிறது. எங்கே போவது, எவ்வளவு ஆகும், என்ன கேட்பது என்று புரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மேல் கடைவாய்ப் பல்லுக்காகக் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கியவன் நான். ஒருவர் சைனஸ் என்றார். இன்னொருவர் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார். இருவருமே எக்ஸ்ரேயை ஒரு பார்வை பார்த்ததோடு சரி, பல்லைச் சோதிக்கவில்லை. சிகிச்சைப் பேச்சை எடுக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: எந்தப் பல்? அதன் உள்ளே உயிர் இருக்கிறதா? வேர் நுனியில் என்ன நடக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் வரும்வரை பிடுங்கவும் விடாதீர்கள், துளைக்கவும் விடாதீர்கள்.

1. இன்று இரவே ஆஸ்பத்திரியா, நாளைக் காலை கிளினிக்கா?

வேர் நுனியில் சேரும் சீழ் பெரும்பாலும் ஈறு பக்கமாகவே வெளியே வரும். சில சமயம் கழுத்துப் பக்கம் இறங்கிவிடும். தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவுவது, வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்கச் சிரமப்படுவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, பேச்சு குழறுவது, கண் மூடும் அளவுக்குக் கன்னம் வீங்குவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடிப்பது. இவற்றில் எது தெரிந்தாலும் பல் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மூச்சுத் திணறினால் 999.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இன்னும் சீக்கிரமாகப் போக வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவும், ஆறவும் நாளாகும். மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பதாக 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். தெரியாமலே சர்க்கரையோடு நடமாடுபவர்களும் நிறைய.

இன்னொன்று: படி ஏறும்போது இடது தாடை வலித்து, உட்கார்ந்ததும் குறைந்தால் அது பல்லாக இல்லாமல் இதயமாக இருக்கலாம். அதற்கும் அவசரப் பிரிவுதான்.

2. போகுமுன் வலியை எழுதிவையுங்கள்

கைப்பேசியில் நாலு வரி போதும். குளிர்ச்சி பட்டால் வலிக்கிறதா, சூடு பட்டாலா? வலி வந்தால் உடனே போகிறதா, நின்று இழுக்கிறதா? கடிக்கும்போதா, கடித்ததை விடும்போதா? இரவில் தூக்கம் கலைக்கிறதா? குனிந்தால் கூடுகிறதா? ஒரே பல்லை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா?

மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) ஐஸ் மைலோ குடித்ததும் சுரீர் என்று பிடித்து நெடுநேரம் விடாத வலி ஒரு வகை. குளிர்ச்சியே தெரியவில்லை, ஆனால் ரொட்டி சானாயை மெல்லும்போது பல் சற்று உயர்ந்து நிற்பதுபோல இடிக்கிறது என்பது வேறு வகை. முதலாவதில் பல்லின் உள்சதை வீங்கியிருக்கலாம். இரண்டாவதில் உள்சதை செத்து, அழற்சி வேரைத் தாண்டிப் போயிருக்கலாம்.

புதியவர்கள் பலர் விழும் பொறி இங்கே இருக்கிறது. வலி தாங்காமல் பொன்ஸ்டனோ இபுபுரூஃபனோ போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போவோம். தட்டிப் பார்த்தாலும் குளிர்ச்சி வைத்தாலும் வலி மட்டுப்பட்டே தெரியும். டாக்டருக்குத் தவறான படம் கிடைக்கும். பொறுக்க முடிந்தால் பார்க்கப் போகும் நேரத்துக்குச் சில மணி முன்பிருந்து வலி மாத்திரையைத் தவிருங்கள். பொறுக்க முடியாதா, போடுங்கள்; ஆனால் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த மாத்திரைகளைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆஸ்பிரினை நசுக்கி ஈறில் வைக்கச் சொல்லும் பாட்டி வைத்தியமும் வேண்டாம், ஈறு வெந்துவிடும்.

3. எங்கே போவது, என்ன கொண்டுபோவது

அரசாங்கப் பல் கிளினிக்: பெயர்ப்பலகையில் கிளினிக் பெர்கிகியான் என்று இருக்கும். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). சிகிச்சைக்குத் தனியாகச் சிறு தொகை. வெளிநாட்டவருக்குக் கட்டணப் பட்டியலே வேறு, பல மடங்கு வரும். உட்காருமுன் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். மைகார்ட் (குடிமக்களின் அடையாள அட்டை) அல்லது பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் கட்டாயம். கவுண்டரில் ‘ஸாக்கிட் கீகி’ (பல் வலி) என்றும், வீக்கம் இருந்தால் ‘பெங்காக்’ என்றும் சொல்லுங்கள். வலி, வீக்கத்தோடு வருபவர்களைப் பொதுவாக அன்றே பார்ப்பார்கள். காலையில் கதவு திறக்குமுன் போய் நில்லுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம், 12.15க்கு எழுந்தால் 2.45க்குத்தான் திரும்ப உட்காருவார்கள்.

கடைவாய்ப் பல் சிக்கலாக இருந்தால் அங்கிருந்து நிபுணருக்கு சூராட் ருஜுக்கான், அதாவது பரிந்துரைக் கடிதம், எழுதித் தருவார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் அரசாங்க நிபுணரைப் பார்க்க முடியாது. நிபுணருக்கான காத்திருப்பு மாதக் கணக்கில் போகும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம்: மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலம், ஜாலான் ராஜா மூடா அப்துல் அஸிஸில் உள்ள யு.கே.எம். எனும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் புலம், புக்கிட் ஜாலிலில் ஐ.எம்.யு. எனும் தனியார் மருத்துவப் பல்கலைக்கழகம். இங்கெல்லாம் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் பார்ப்பார்கள். தனியாரைவிட மலிவு. முதலில் ஒரு பரிசோதனை வைத்து, உங்கள் பல் மாணவர் பயிற்சிக்கு ஏற்றதா என்று முடிவு செய்வார்கள். ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: சோதனைகளை ஒன்றுவிடாமல் செய்வது மாணவர்கள்தான். ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டுமே!

தனியார்: வேகம் இங்கேதான். கிளினிக்குக்குக் கிளினிக் விலை மாறும். ஏறக்குறையச் சொன்னால், பார்ப்பதற்கு 30 முதல் 100 வெள்ளி, ஒரு பல் எக்ஸ்ரே 30 முதல் 60, முழுத் தாடைப் படம் 80 முதல் 150, முப்பரிமாண ஸ்கேன் 250 முதல் 500. ரூட் கெனால் (வேருக்குள் ஓடும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) நிபுணரென்றால் பார்ப்பதற்கே 150க்கு மேல் எடுத்துவையுங்கள். போகுமுன் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: பார்க்கும் கட்டணத்தில் எக்ஸ்ரே சேர்த்தியா? குளிர்ச்சிச் சோதனை செய்வீர்களா? ‘அதெல்லாம் தேவையில்லை, எக்ஸ்ரே போதும்’ என்று பதில் வந்தால் வேறு கிளினிக் தேடுங்கள்.

எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியவை: அடையாள ஆவணம், பழைய எக்ஸ்ரே, தினமும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், ஒவ்வாமை விவரம். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்கான ஊசி அல்லது மாத்திரை, கர்ப்பம் ஆகியவற்றைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

4. பார்ப்பவர் உண்மையான பல் மருத்துவரா?

வீட்டு அறையிலும் ஹோட்டல் அறையிலும் ‘பல் வைத்தியம்’ பார்க்கும் போலிகள் இந்த நாட்டில் அடிக்கடி பிடிபடுகிறார்கள். 2018 பல் மருத்துவச் சட்டப்படி, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்து அந்தந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் பெற்றவர் மட்டுமே பார்க்கலாம். மன்றத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், இரண்டு நிமிட வேலை. கிளினிக் சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தால் அதில் உள்ள ஆண்டையும் பாருங்கள்.

5. நாற்காலியில் நடக்க வேண்டிய சோதனைகள்

இந்தப் பகுதியை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். சோதனைகள் எல்லாம் சேர்ந்து இருபது நிமிடத்துக்குள் முடியும். ஊசி கிடையாது.

தட்டுதல். கண்ணாடிக் கருவியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாக மெல்லத் தட்டுவார். நல்ல பல்லில் ஆரம்பிப்பவர் விஷயம் தெரிந்தவர். எது சாதாரணம் என்று உங்களுக்கும் அவருக்கும் தெரிந்துவிடும். ஒரு பல்லில் மட்டும் வலி குதித்தால், வேரைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சி இருக்கிறது. மேல் வரிசையில் நாலைந்து பல் சேர்ந்தாற்போல் வலித்து, குனிந்தால் கூடவும் செய்தால் சைனஸையும் யோசிக்க வேண்டும். ஆனால் சைனஸ் தொல்லை ஒரே பக்கமாகவே திரும்பத் திரும்ப வந்தால், அதற்கே காரணம் ஒரு பல்லாக இருக்கலாம். என் கதை அதுதான்.

அழுத்துதல். வேர் நுனி இருக்கும் இடத்தில் ஈறை விரலால் அழுத்திப் பார்ப்பார். வலியோ மெத்தென்ற வீக்கமோ தெரிகிறதா என்று பார்க்கவே இது.

கடித்தல். சிறு பிளாஸ்டிக் துண்டைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்துக் கடிக்கச் சொல்வார். கடித்ததை விடும்போது சுரீர் என்றால் பல்லில் விரிசல் இருக்கலாம்.

குளிர்ச்சி. பஞ்சு உருண்டை ஒன்றில் குளிர் ஸ்பிரே அடிப்பார், பஞ்சு வெள்ளையாக உறைபனி பூக்கும். அதைப் பல்லில் வைத்ததும் குளிர்ச்சி தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். நல்ல பல்லில் சில நொடியில் கை இறங்கிவிடும். அரை நிமிடம் ஆகியும் இறக்க முடியவில்லை என்றால் உள்சதை மீள முடியாத அழற்சியில் இருக்கக்கூடும். எதுவுமே தெரியவில்லையென்றால் உள்சதை செத்திருக்கக்கூடும். ‘கூடும்’ என்று இழுப்பதற்குக் காரணம் உண்டு. கிரவுன் எனும் உறை போட்ட பல்லும், வயதானவர்களின் சுண்ணாம்பேறிய பல்லும் உயிரோடிருந்தும் பேசாமல் இருக்கும். மூன்று வேர் உள்ள பல்லில் ஒரு வேர் மட்டும் உயிரோடிருந்து நம்மை ஏமாற்றும். ஏற்கெனவே ரூட் கெனால் செய்த பல்லில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. அதனால்தான் எதிர்ப்பக்கத்து அதே பல்லையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

ஈறு ஆழம் அளத்தல். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் பல்லைச் சுற்றி ஆறு இடத்தில் அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை பிரச்சினை இல்லை. சுற்றிலும் ஆழம், பல்லும் உயிரோடு என்றால் தொற்று ஈறிலிருந்து வந்தது. ரூட் கெனால் தேவைப்படாமலே போகலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கம்பி குறுகலாக ஆழத்துக்கு இறங்கினால் வேர் நெடுக்காகப் பிளந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேர் பிளந்த பல்லைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. அது தெரியாமல் அதில் ஆயிரக்கணக்கில் கொட்டியவர்கள் இருக்கிறார்கள்.

பருவின் வழி தேடுதல். ஈறில் பரு இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். கட்டா பெர்ச்சா என்ற நூல் மாதிரி மெல்லிய இளஞ்சிவப்புக் குச்சியைப் பருவின் வாய்க்குள் மெதுவாகச் செலுத்தி, அப்படியே எக்ஸ்ரே எடுப்பார்கள். வலி அதிகமில்லை, கூச்சம்தான். எனக்குப் பரு இருந்தது இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு மேலே. படத்தில் அந்தக் குச்சி வெள்ளைக் கோடாக வளைந்து, முன்னால் இருந்த பழைய கிரவுன் போட்ட பல்லின் வேர் நுனியில் போய் நின்றது. பிடுங்கச் சொன்ன பல் குளிர்ச்சிக்கு நன்றாகவே கை தூக்க வைத்தது. சீழ் சுலபமான வழியில் வெளியேறும். பரு எந்தப் பல்லுக்கு மேலே இருக்கிறதோ அந்தப் பல்தான் குற்றவாளி என்பதில்லை.

6. எக்ஸ்ரே: எது, எத்தனை, எதை நம்புவது

முதலில் வேண்டியது வேர் நுனி முழுசாகத் தெரியும் ஒற்றைப் பல் படம். நுனி வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் படம் உதவாது, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல்லுக்குக் கோணத்தை மாற்றி இரண்டு படம் எடுத்தால் ஒன்றின்மேல் ஒன்று விழும் வேர்கள் பிரிந்து தெரியும். முழுத் தாடைப் படம் பொதுவாகப் பார்க்க நல்லது, வேர் நுனியின் நுணுக்கம் அதில் தெரியாது.

‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்றால் ஒன்றுமில்லை என்று ஆகாது. எலும்பில் தாதுச் சத்து 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகே சாதாரணப் படத்தில் கறுப்பாகத் தெரியும் என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. வலி தொடங்கிய முதல் நாட்களில் படம் சுத்தமாக இருப்பது சகஜம்.

நேர்மாறான பொறியும் உண்டு. கறுப்பு தெரிந்தாலே தொற்று என்று ஆகிவிடாது. கீழ் முன்கடைவாய்ப் பற்களின் அருகே நரம்பு வெளிவரும் இயற்கைத் துளை, வேர் நுனிக்கு நேராக விழுந்தால் அச்சு அசல் புண் மாதிரி இருக்கும். நடுவயதுப் பெண்களின் கீழ் முன்பற்களுக்கு அடியில் எலும்பே மாறி வளர்ந்து கறுப்பாகத் தெரியும் ஒரு நிலையும் இருக்கிறது. பற்கள் உயிரோடிருக்கும், சிகிச்சை எதுவும் வேண்டாம். குளிர்ச்சிச் சோதனை செய்யாமல் படத்தை மட்டும் பார்ப்பவர் இவற்றில் ரூட் கெனால் செய்துவிடுவார்.

முப்பரிமாண ஸ்கேன், அதாவது சி.பி.சி.டி., எல்லாருக்கும் தேவையில்லை. சோதனைகளும் படமும் ஒத்துப்போகவில்லை, பழைய ரூட் கெனால் மறுபடி தொல்லை தருகிறது, சைனஸுக்கும் வேருக்கும் தொடர்பு இருக்குமோ என்று சந்தேகம் வருகிறது என்றால் எடுங்கள். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நாலாவதாக ஒரு கால்வாய் அடிக்கடி இருக்கும். சுத்தம் செய்யாமல் விடப்பட்ட அந்தக் கால்வாயை இதில் பிடிக்க முடியும். முழு முகத்துக்கும் வேண்டாம், சம்பந்தப்பட்ட பகுதிக்கு மட்டும் போதும் என்று சொல்லுங்கள். உலோகக் கிரவுன் இருந்தால் படத்தில் கோடு கோடாக அடித்து மறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறீர்களா? ஒரு ஒற்றைப் பல் படம் என்பது நாம் சும்மா இருந்தாலே ஓரிரு நாளில் வாங்கும் இயற்கைக் கதிர்வீச்சு அளவுதான். ஸ்கேன் அதைவிடப் பல மடங்கு, அதனால்தான் காரணம் கேட்கச் சொல்கிறேன்.

படங்களின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேனென்றால் பென்டிரைவ் கொண்டுபோய் டைகாம் (ஸ்கேனின் அசல் வடிவம்) கோப்புகளாக வாங்குங்கள். கையில் இருந்தால் அடுத்த டாக்டரிடம் இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டாம்.

7. முடிவை எழுத்தில் வாங்குங்கள்

‘இன்ஃபெக்‌ஷன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு எழுந்து வராதீர்கள். சரியான முடிவில் இரண்டு பாதி இருக்கும். ஒன்று பல்லின் உள்சதை எப்படி இருக்கிறது என்பது: நலம், மீளக்கூடிய அழற்சி, மீளாத அழற்சி, செத்தது, ஏற்கெனவே ரூட் கெனால் ஆனது. மற்றது வேர் நுனி: நலம், வலியுள்ள அழற்சி, வலியில்லாத அழற்சி, திடீரென வீங்கிய சீழ்க்கட்டி, பரு வழியாக வடியும் நாள்பட்ட சீழ்க்கட்டி. பல் எண்ணோடு இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வலியில்லாததும் பருவாக வடிவதும் நம்மை அசட்டையாக விட்டுவிடும். எலும்பு கரைவது அப்போதும் நிற்காது.

8. ஆன்டிபயாடிக் எப்போது?

பொது மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் அமோக்ஸிசிலினோடு திரும்புவீர்கள். வலி கொஞ்சம் அடங்கும், இரண்டு வாரத்தில் திரும்பும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை, மருந்து எப்படி உள்ளே போகும்? காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும். மற்றபடி பல்லைத் திறந்து சுத்தம் செய்வதும், சீழை வடிப்பதும், வழியில்லாவிட்டால் பிடுங்குவதும்தான் சிகிச்சை.

9. பில், எம்.சி., வரி

கம்பெனி மெடிக்கல் கார்டுகள் பொதுவாக விபத்தைத் தவிரப் பல் சிகிச்சையைச் சேர்ப்பதில்லை. சில கம்பெனிகள் ஆண்டுக்கு இவ்வளவு என்று பல்லுக்குத் தனியாகத் தரும். பேனல் கிளினிக் (கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள கிளினிக்) உண்டா, முன்கூட்டியே ஜி.எல். (பணத்துக்கான உறுதிக் கடிதம்) வேண்டுமா என்று எச்.ஆரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். ரசீதில் பார்த்தது, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். மொத்தமாக ‘பல் சிகிச்சை’ என்று எழுதிய ரசீதைச் சில எச்.ஆர். திருப்பி அனுப்புவார்கள். பதிவு பெற்ற பல் மருத்துவர் தரும் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வேலைச் சட்டப்படி செல்லும். டாக்டர் எம்.சி.தான் வேண்டும் என்று மேனேஜர் முறைத்தால் இதைச் சொல்லுங்கள்.

வருமான வரி கட்டுபவர்கள் 2024 மதிப்பீட்டாண்டு முதல் பல் பரிசோதனை, சிகிச்சைச் செலவில் 1,000 வெள்ளி வரை கழிவு கேட்கலாம். மருத்துவச் செலவுக்கான 10,000 வெள்ளி வரம்புக்குள் இதுவும் அடங்கும். ரசீதை ஏழு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். மங்கும் தாளில் அச்சிட்டிருந்தால் அன்றே படம் எடுத்து வையுங்கள்.

10. சிகிச்சைக்குப் பின் எத்தனை முறை போக வேண்டும்

வலி போனதும் நிறைய பேர் திரும்பிப் போவதில்லை. வேர் நுனியில் கரைந்த எலும்பு மறுபடி நிரம்ப மாதங்கள் ஆகும். ஆறு மாதம், ஓராண்டு என்று அதே கோணத்தில் படம் எடுத்து முதல் படத்தோடு ஒப்பிட வேண்டும். கறுப்பு சுருங்கினால் போதும், முழுதும் மறைய நாலு ஆண்டுவரைகூட ஆகலாம். அப்படியே நின்றாலோ பெரிதானாலோ நிபுணரிடம் போங்கள், பழைய படங்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு.